பட்டும் தோலும் பங்காளிங்க: சாயப்பட்டறைக் கைகளுக்கு ஒரு பாடம்



ஆரணின்னா அரிசி, ஆரணின்னா பட்டு. வெளியூர்க்காரங்களுக்கு நம்ம ஊரைப் பத்தி இந்த ரெண்டும் கண்டிப்பா தெரியும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கின பட்டு. டவுன்ல மட்டுமில்ல, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம்னு சுத்துப்பட்டு ஊர்கள்லயும் தறிச் சத்தம் கேட்கும். சேலை நெய்யுற கையைப் பத்தி எல்லாரும் பேசுறோம். அந்தச் சேலைக்கான நூலுக்குச் சாயம் போடுற கையைப் பத்திப் பேசுறவங்க ரொம்பக் கம்மி.

சாய வேலை செய்யுறவங்க கையைப் பார்த்தா மொதல்ல கண்ணுல படுறது நிறம். நகத்தடியில ஊதா, விரல் இடுக்குல அரக்குச் சிவப்பு. கொஞ்சம் உத்துப் பார்த்தா வேற சிலதும் தெரியும்: வெடிப்பு, செதில், சிவந்த தடிப்பு, வீங்கின நகக்கண். "ஏண்ணே, கை இப்படி இருக்கு?"ன்னு கேட்டா, "தொழில்ல இதெல்லாம் சகஜம்பா"ன்னு பதில் வரும்.

இந்தப் பாடம் சொல்ல வர்றது ஒண்ணுதான். இது சகஜம் இல்ல. இதுக்குப் பேர் இருக்கு, காரணம் இருக்கு, தடுக்குற வழியும் இருக்கு. அதோட, பெரும்பாலான நேரத்துல முதல் குற்றவாளி நாம நினைக்குற சாயம் கிடையாது.

1. சாயப்பட்டறையில் என்ன நடக்குது?

பட்டுப்புழு கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு நூலில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின், அதுதான் உண்மையான இழை. அதைச் சுற்றிப் பசை மாதிரி ஒட்டியிருப்பது செரிசின். எடைக் கணக்கில் செரிசின் சுமார் 20 முதல் 30 சதவீதம். அதாவது ஒரு கிலோ கச்சாப் பட்டில் 200 முதல் 300 கிராம் வரை பசைதான். இது இருக்கும்வரை நூல் மொரமொரன்னு இருக்கும், பளபளப்பு வராது, சாயமும் ஒரே சீராகப் பிடிக்காது.

அதனால முதல் வேலை பசை நீக்குதல். தண்ணியில் சோப்பும் சோடாவும் கலந்து, 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டி அதில் முக்கிப் புரட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆகும். அப்புறம் சுடுதண்ணியில் ஒரு அலசல், பச்சைத் தண்ணியில் ஒரு அலசல்.

இரண்டாவது சாயத்தொட்டி. பட்டுக்கு அதிகமாகப் பயன்படுவது அமிலச் சாயங்களும் உலோகக் கலவைச் சாயங்களும். தண்ணியில் சாயத்தூளைக் கரைத்து, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, சூட்டை மெல்ல மெல்ல 85, 90 டிகிரிக்கு ஏற்றுவார்கள். இங்கேயும் சிட்டத்தைப் புரட்டிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினால் ஒரு பக்கம் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறிவிடும்.

மூன்றாவது அலசிப் பிழிவது. கடைசியாகச் சிலர் லேசான அமிலத் தண்ணியில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். புதுப் பட்டுச்சேலையை மடிக்கும்போது கேட்கிற சரசரப்பு இருக்கே, அது அந்த அமில அலசலில் வருவதுதான்.

இப்போ இந்த வேலையை நூலை விட்டுட்டு கையின் பக்கமிருந்து பாருங்க. சுடுதண்ணி, சோப்பு, சோடா. அப்புறம் பச்சைத் தண்ணி. அப்புறம் அமிலம், சாயம், சூடு. மறுபடி தண்ணி. அடுத்த நிறத்துக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் முழுக்க இது நடக்குது.

2. பட்டும் தோலும் பங்காளிங்க

நம்ம தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் மாதிரி நினைச்சுக்கோங்க. செங்கல் என்பது கெராட்டின் நிறைந்த இறந்த செல்கள். கெராட்டினும் ஒரு புரதம்தான். செங்கற்களுக்கு நடுவே பூசியிருக்கும் சாந்து, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருட்களின் கலவை. உடம்பின் பெரும்பாலான இடங்களில் இந்தச் சுவரின் கனம் வெறும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். உள்ளங்கையில் மட்டும் இது பல மடங்கு தடிமன். அதனால்தான் தொல்லை முதலில் புறங்கையிலும் விரல் இடுக்கிலும் ஆரம்பிக்குது. மோதிரத்துக்கு அடியில் சோப்புத் தண்ணி தங்கிவிடுவதால் அங்கேயும் சீக்கிரம் வரும்.

இப்போ பட்டறையோட ஒப்பிட்டுப் பாருங்க.

நூலிலிருந்து பசையை உரிக்கத்தானே சோப்பும் சோடாவும் சூடும்? அதே மூன்றும் தோல் சுவரின் சாந்தை உரிக்கும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச் சுமார் 5. பசை நீக்கும் தொட்டியின் பி.எச் சுமார் 10. அஞ்சுக்கும் பத்துக்கும் நடுவுல அஞ்சுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. பி.எச் மடக்கை அளவுகோல் என்பது முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் படிச்சதுதான். 5 என்றால் ஒரு லட்சம் மடங்கு.

அமிலச் சாயம் பட்டில் எப்படி ஒட்டுது? அமிலத் தண்ணியில் பட்டுப் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறும். சாய மூலக்கூறின் சல்போனேட் தொகுதி எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் இழுத்துப் பிடிச்சுக்கும். இந்தக் கணக்கு அப்படியே கெராட்டினுக்கும் பொருந்தும். கையில் சாயம் பிடிப்பது விபத்து இல்ல. புரதத்தில் பிடிக்கணும்னே வடிவமைச்ச பொருள், கிடைச்ச புரதத்தில் பிடிக்குது. பட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் பார்க்க அதுக்குத் தெரியாது.

ரியாக்டிவ் சாயங்கள் இன்னும் ஒரு படி மேல. அவை புரதத்தோடு சகப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். அந்தப் பிணைப்பு தோலின் புரதத்தோடு ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

3. ஒரே அரிப்பு, ரெண்டு நோய்

கையில் தடிப்பு வந்தா எல்லாரும் சொல்றது "அலர்ஜி". ஆனா மருத்துவத்தில் இது இரண்டு தனித்தனி நோய்.

முதல் வகை எரிச்சல் வகைத் தோல் அழற்சி. தண்ணி, சோப்பு, காரம், அமிலம், உராய்வு எல்லாம் சேர்ந்து தோல் சுவரை நேரடியாகச் சிதைப்பது. இதுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதையும் முன்கூட்டி அடையாளம் கண்டுவைக்க வேண்டியதில்லை. போதுமான நேரம் நனைந்தால் யாருக்கும் வரும். வேலையால் வரும் தொடுதோல் அழற்சியில் பெரும்பகுதி இந்த வகைதான். மெதுவாக வரும்: முதலில் வறட்சி, பிறகு செதில், பிறகு வெடிப்பு. அரிப்பை விட எரிச்சலும் வலியும் அதிகம் இருக்கும். ரெண்டு வாரம் வேலைக்குப் போகலேன்னா தணியும், போனா திரும்பும்.

இரண்டாவது ஒவ்வாமை வகை. இதுதான் உண்மையான அலர்ஜி. ஒரு சின்ன மூலக்கூறு தோலுக்குள் நுழைந்து நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பின் டி-செல்கள் அந்தக் கூட்டணியை அந்நியன் என்று மனப்பாடம் செய்துகொள்ளும். இதுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். சில சமயம் பல வருஷம் ஒரே பொருளைத் தொட்டபிறகும் திடீரென ஆரம்பிக்கும். ஒருமுறை மனப்பாடம் ஆகிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த தடவை துளி பட்டாலும் ஒன்று இரண்டு நாளில் தடிப்பு, நீர்க்கொப்புளம், கடும் அரிப்பு. பெரும்பாலும் இது வாழ்நாள் முழுக்க மறக்காது. ரியாக்டிவ் சாயங்கள் ஆபத்தாவது இங்கேதான். குரோமியம், கோபால்ட் உப்புகளும், ஏன், ரப்பர் கையுறை தயாரிக்கச் சேர்க்கும் சில வேதிப்பொருட்களுமே இந்தப் பட்டியலில் உண்டு.

"இருபது வருஷமா இதே சாயம்தான் போடுறேன், அதனால சாயம் காரணமா இருக்காது" என்ற வாதம் ஏன் தப்பு என்று இப்போ புரிஞ்சிருக்கும்.

ரெண்டுக்கும் தொடர்பும் உண்டு. எரிச்சல் வகை சுவரில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக ஒவ்வாமைப் பொருள் உள்ளே நுழையும். முதல் நோயைக் கண்டுக்காம விட்டா இரண்டாவது வர வழி திறந்துவிடுகிறது. அதே ஓட்டையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். விரல் இடுக்கு வெளுத்து ஊறிப்போவது, நகச்சுற்று, ஈரத் தரையில் நிற்பதால் வரும் சேற்றுப்புண் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களை மிகக் குறைந்த செறிவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். எரிச்சல் மட்டும் என்றால் அது சீக்கிரம் அடங்கும், ஒவ்வாமை என்றால் நாள் போகப் போக ஏறும். இதை வீட்டில் சாயத்தூளை எடுத்துக் கையில் தடவிப் பார்க்கிற வேலையாக நினைச்சுடாதீங்க. செறிவு தப்பினால் அந்தச் சோதனையே ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

இன்னொரு குழப்பமும் நம்ம பக்கம் உண்டு. சாய வேலை இல்லாத நாளில் வயலுக்குப் போறவங்களுக்குப் பார்த்தீனியச் செடியாலும் கை, கழுத்து, முகத்தில் தடிப்பு வரும். அதனால மருத்துவரிடம் போகும்போது "சாய வேலை"ன்னு மட்டும் சொல்லாம, வேற என்னென்ன வேலை செய்யுறோம்னும் சேர்த்துச் சொல்லணும்.

4. பெரிய வில்லன்: சாயத்தைக் கழுவுற விதம்

சாயந்திரம் வேலை முடியுது. கை முழுக்க நிறம். கல்யாண வீட்டுக்குப் போகணும், பஸ்ல கம்பியைப் பிடிக்கணும், பிள்ளைக்குச் சோறு பிசைஞ்சு தரணும். அந்தக் கையோட போகக் கூச்சமா இருக்கும். அதனால நிறத்தைப் போக்கியே ஆகணும். கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்கு? பிளீச்சிங் பவுடர். இல்லேன்னா, தப்பாகச் சாயம் ஏறின நூலிலிருந்து நிறம் எடுக்க வச்சிருக்கிற ஹைட்ரோஸ்.

பிளீச்சிங் பவுடர் நல்ல காரம், கூடவே பலமான ஆக்சிஜனேற்றி. காலையிலிருந்து ஊறி இளகிப்போன தோலுக்கு நாளின் கடைசி அடியை இதுதான் கொடுக்குது. பக்கத்தில் அமிலம் இருக்கும் பட்டறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும்.

ஹைட்ரோஸ் கதை இன்னும் சுவாரசியம், இன்னும் பயம். அதன் வேதிப்பெயர் சோடியம் டைதயோனைட். ஒடுக்கும் பொருள். சாயங்களில் பெரிய குடும்பம் அசோ சாயங்கள், அதாவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்தவை. ஹைட்ரோஸ் அந்தப் பிணைப்பை வெட்டும். நிறம் போய்விடும். ஆனால் சாயம் எங்கேயும் மறைந்துவிடவில்லை. இரண்டு துண்டாகி அரோமாட்டிக் அமீன்களாக மாறிவிடுகிறது. துண்டு சின்னது என்பதால் சில அமீன்கள் முழுச் சாயத்தை விட எளிதாகத் தோலுக்குள் போகக்கூடியவை.

துணியில் தடை செய்யப்பட்ட அசோ சாயம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? துணியை இதே சோடியம் டைதயோனைட் கரைசலில் சூடாக்கி, என்ன அமீன்கள் வெளிவருகின்றன என்று அளக்கிறார்கள். ஆய்வகத்தில் குடுவைக்குள் கவனமாகச் செய்யும் அதே வேதிவினையை வெறும் கையில் செய்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அப்போ நிறத்தை என்ன பண்றது? கேட்கக் கஷ்டமான பதில்தான்: விட்டுடுங்க. சாயம் பிடிச்சிருப்பது இறந்த செல்களில். அந்த அடுக்கு சில வாரங்களில் தானே உதிர்ந்து புதுசு வரும். நிறம் இருக்கும் கை அசிங்கம் இல்ல. புண் இருக்கும் கைதான் ஆபத்து. நிறமே பிடிக்கக் கூடாதுன்னா கையுறைதான் வழி, கழுவுறது வழி இல்ல.

5. புகையிலை வயல் சொல்லும் பாடம்

"வெளித்தோல்தானே, உள்ளே என்ன போயிடப் போகுது?" என்று கேட்பவர்களுக்கு நல்ல உதாரணம் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் போன்ற புகையிலை விளையும் பகுதிகளின் பயிரில் இருக்கிறது. பச்சைப் புகையிலை இலையில் உள்ள நிக்கோட்டின் தண்ணீரில் கரையும். பனியில் அல்லது மழையில் நனைந்த இலையைக் கையாலும் அக்குளிலும் அணைத்து அறுவடை செய்யும்போது அது தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். ஒரு பீடி கூடப் பிடிக்காதவருக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, சோர்வு வரும். உலகத்தில் இதைப் பச்சைப் புகையிலை நோய் என்கிறார்கள். 1970 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அறுவடைத் தொழிலாளர்களிடம் இதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் குஜராத் புகையிலைத் தொழிலாளர்களிடம் ஆய்வுகள் நடத்தியிருக்கிறது.

புகையிலைத் தொழிலாளர் கையில் கறுப்பாக ஒரு பிசின் ஒட்டும். சாதாரண சோப்புக்குப் போகாது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் உரியும். உரிந்த தோலில் மறுநாள் நிக்கோட்டினும் பூச்சிமருந்து மிச்சமும் இன்னும் வேகமாக நுழையும். நம்ம சாயக்கைக் கதையேதான், நிறம் மட்டும் வேற.

இதிலிருந்து ரெண்டு விஷயம் எடுத்துக்கலாம். ஒண்ணு, தோல் மூடின கதவு இல்ல, வடிகட்டி. நனைந்தால், சூடானால், கீறினால் அதன் கண்கள் பெரிதாகும். ரெண்டு, ஆபத்தைக் கூட்டுவது பொருள் மட்டும் இல்ல, ஈரமும்தான். அதனால்தான் ஜெர்மனியின் தொழில் பாதுகாப்பு விதிகளில், ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலே அது "ஈர வேலை" என்று தனியாகக் கணக்கிடப்படுகிறது. வெறும் தண்ணியாக இருந்தாலும் சரி. நம்ம பட்டறைகளில் 2 மணி நேரம் என்பது காலை டீக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

6. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம்

"உங்க தொழில் என்ன?" என்று நோயாளியிடம் கேட்கணும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. 1700 இல் வெளிவந்த தொழில் நோய்கள் பற்றிய அவர் புத்தகத்தில் துணி வெளுப்பவர்களின் நோயும் உண்டு, புகையிலை வேலை செய்பவர்களின் நோயும் உண்டு.

1856 இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் மலேரியாவுக்கு மருந்து தேடும்போது தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பட்டில் அருமையாகப் பிடித்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் பிறந்தது. நாற்பது வருஷத்துக்குள் அதன் விலை தெரிந்தது. 1895 இல் ஜெர்மனியின் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைப் பதிவு செய்தார். அதே 1895 இல்தான் யோசப் யாடசோன் பேட்ச் டெஸ்ட் முறையை அறிமுகம் செய்தார். ஒரே வருஷத்தில் ஒருவர் ஆபத்தைக் காட்டினார், இன்னொருவர் கண்டுபிடிக்கும் கருவியைக் கொடுத்தார்.

இந்தியாவில் மத்திய அரசு 112 அசோ மற்றும் பென்சிடின் சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஆனால் லேபிள் இல்லாத பொட்டலத்தில், சில்லறையாக வாங்கும் தூளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால பெயரும் தயாரிப்பாளரும் அச்சிட்ட பாக்கெட்டை மட்டுமே வாங்குவது என்பது பாதி பாதுகாப்பு.

சட்டம் தோல் நோயை மறந்துவிடவில்லை. 1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வேதிப்பொருட்களால் வரும் தொடுதோல் அழற்சி இடம்பெற்றது. நோயைக் கண்டறியும் மருத்துவரும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. சிக்கல் எங்கே? மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடம்தான் அதில் தொழிற்சாலை. 2020 ஆம் ஆண்டு தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இது 20, 40 என்று உயர்ந்துவிட்டது. அப்பா, அண்ணன், ரெண்டு ஆள் என்று நடக்கும் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அதாவது நோய் பட்டியலில் இருக்கு, நோயாளி பட்டியலில் இல்ல. நாம தெரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான காரணமே இதுதான்: இன்ஸ்பெக்டர் வராத இடத்தில் பாதுகாப்பு என்பது பட்டறைக்காரரும் அவர் வீட்டுப் பிள்ளைங்களும் சேர்ந்து செய்யுற வேலை.

7. கையுறை போட்டா முடிஞ்சதா?

"கிளவுஸ் போடுங்கண்ணே"ன்னு அட்வைஸ் பண்றது சுலபம். அவங்க ஏன் போடுறதில்லைன்னு கேட்டாத்தான் நாம இன்ஜினியரிங் படிக்கிறோம்னு அர்த்தம். காரணங்கள் நியாயமானவை. மெல்லிய ரப்பர் கையுறை சீக்கிரம் கிழியும். தொட்டியில் கை ஆழமா போனா மேல் விளிம்பு வழியா சுடுதண்ணி உள்ளே இறங்கும், இறங்கினா உதற முடியாது, வெந்துடும். உள்ளே வேர்த்து ஊறும். எல்லாத்துக்கும் மேல, பசை போயிடுச்சா இல்லையான்னு நூலைத் தடவிப் பார்த்தே சொல்ற விரல் அது. அந்த விரலுக்கு உறை போட்டா பதம் தெரியாது. தப்பினா ஒரு தொட்டி நூலே நஷ்டம்.

அதனால பாதுகாப்புப் பாடத்தில் சொல்லும் வரிசையைப் பிடிச்சுக்கலாம்: முதலில் ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் மாற்று, அடுத்தது இயந்திர ஏற்பாடு, அடுத்தது வேலை முறை, கடைசியாத்தான் கையுறை.

நீக்குவது: பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோஸும் கை கழுவும் இடத்துக்கே வரக் கூடாது. இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

மாற்றுவது: சாயத்தூளைத் திறந்த பாத்திரத்தில் கொட்டிக் கையால் கலக்காமல், மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைத்துப் பிறகு தொட்டியில் ஊற்றலாம். தூள் மூக்குக்கும் போகாது.

இயந்திர ஏற்பாடு: கையால் பிழிவதற்குப் பதில் ஹைட்ரோ எனப்படும் சுழற்சிப் பிழிப்பான். சிட்டம் புரட்ட ஆர்ம் டையிங் மெஷின் ஏற்கெனவே சந்தையில் இருக்கு. அது பெரிய முதலீடு என்றால், ஒரு தொட்டிக்கு மட்டும் சின்னதாக ஒன்று செய்ய முடியாதா? நம்ம மினி பிராஜெக்ட்களில் கார் வைப்பர் மோட்டார் எத்தனை ரோபோவை ஓட்டியிருக்கு! 12 வோல்ட், மெதுவான சுழற்சி, நல்ல திருப்பு விசை. நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கோலை மெல்லத் திருப்புவது அதுக்கு முடியாத வேலை இல்ல. நீராவியும் அமிலமும் படும் இடம் என்பதால் மோட்டாரைத் தள்ளி மூடி வைக்கணும், சுற்றும் பாகத்தில் நூல் சிக்காத மாதிரி பார்க்கணும். ஆளும் கையும் தொட்டிக்கு வெளியே நிற்கும்.

வேலை முறை: விரலின் பதத்துக்கு ஒரு துணை கொடுக்கலாம். தண்டு வெப்பமானியும் பி.எச் தாளும். சூடு எவ்வளவு, காரம் எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் சில வாரங்களில் அந்தப் பட்டறைக்கே உரிய சரியான அளவு கிடைச்சிடும். அப்புறம் தடவிப் பார்க்க வேண்டியது கடைசியில் ஒரே ஒரு தடவை, அதுவும் குளிர்ந்த நூலை.

கையுறை: முழங்கை வரை நீளமுள்ள, கனமான நைட்ரைல் அல்லது பி.வி.சி உறை. உள்ளே மெல்லிய பருத்தி உறை, அதை ஈரமானதும் மாத்தணும். விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சுவிட்டா வழியும் தண்ணி மடிப்பில் நிற்கும். ஓட்டை விழுந்த உறை உறையே இல்லாததை விட மோசம், ஏன்னா சாயத்தண்ணியை உள்ளேயே பிடிச்சு வைக்கும்.

8. வீட்டில் சொல்ல வேண்டியவை

உங்க வீட்டிலோ தெருவிலோ சாய வேலை செய்யுறவங்க இருந்தா இதை வாசிச்சுக் காட்டுங்க:

அ) வேலைக்கு முன் மோதிரத்தையும் கையில் கட்டிய கயிறையும் கழட்டி வையுங்க.

ஆ) நல்ல தண்ணி, மென்மையான சோப்பு. பிளீச்சிங், ஹைட்ரோஸ், மண்ணெண்ணெய், சோடா எதுவும் கையில் படவேண்டாம்.

இ) கழுவினதும் விரல் இடுக்கு வரை துடைச்சு, ஈரம் முழுசா காயும் முன்னாடி வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்க. ராத்திரி படுக்கும்போதும் ஒரு தடவை.

ஈ) கண்ணுக்குப் புண் ஆறிடுச்சுன்னு தெரிஞ்சாலும் தோல் சுவர் முழுசா சரியாக இன்னும் பல வாரம் ஆகும். அதுவரை கூடுதல் கவனம்.

உ) மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க"ன்னு வாங்காதீங்க. அப்படிக் கிடைக்கும் பல கலவை கிரீம்களில் பலமான ஸ்டீராய்டு இருக்கு. மூணு நாளில் அரிப்பு நிற்கும், மூணு மாசத்தில் தோல் மெலியும், உள்ளே பூஞ்சை பரவும்.

ஊ) ரெண்டு வாரத்துக்கு மேல் இருந்தா தோல் மருத்துவரைப் பாருங்க. திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கு. பயன்படுத்தும் சாய பாக்கெட்டின் லேபிளைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க. வேலைக்குப் போகும் நாளில் எப்படி, லீவு நாளில் எப்படின்னு தேதி போட்டு எழுதிட்டுப் போனா மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எ) சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க. பல வருஷம் சாயத்தோட பழகினவங்க இதைக் கண்டிப்பா மருத்துவரிடம் சொல்லணும்.

9. யோசிச்சுப் பாருங்க

1) பி.எச் 10 உள்ள தண்ணியில் கை நனைந்த பிறகு பி.எச் 5 க்கு அருகில் உள்ள லேசான அமில அலசல் கைக்கு நல்லதா, கெட்டதா? செறிவு, சூடு, நேரம் மூன்றையும் வைத்துப் பதில் சொல்லுங்க.

2) சாயம் பட்டில் பிடிக்கணும், தோலில் பிடிக்கக் கூடாது. இரண்டும் புரதம். எந்த ஒரு காரணியை மாற்றினால் இந்தப் பாகுபாடு சாத்தியம்?

3) உங்க தெருவில் இருக்கும் ஒரு பட்டறையில் ஒரு நாளில் கை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது? அனுமதி கேட்டு, கடிகாரம் வைத்து அளந்து பாருங்க. அந்த ஒரு எண்ணே ஒரு நல்ல பிராஜெக்டின் முதல் பக்கம்.

ஒரு சேலையின் விலையில் நூலுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். சாயம் போட்டவரின் தோலுக்கு அதில் வரி இல்லை. அந்தச் செலவை அவர் தனியாகத் தாங்கிக்கிறார், மாசா மாசம் மெடிக்கல் ஷாப்பில். ஒரு கோல், ஒரு மோட்டார், ஒரு ஜோடி நல்ல கையுறை, ஒரு நோட்டுப் புத்தகம். இதுல எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல, எல்லாம் ஏற்கெனவே இருக்கு. பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள்தான் வேணும். அந்த ஆள் நம்ம வகுப்பிலேயே இருக்கலாம்.

செய்து பார்த்தவங்க எழுதி அனுப்புங்க நண்பர்களே.